ஸ்டெப் தவறாத மெஷின்: வீட்டுச் சிஎன்சிக்கு மோட்டர், ட்ரைவர், கன்ட்ரோலர் அமைக்கும் முழுமையான வழிகாட்டி

சிஎன்சி என்பது கணினிக் கட்டளைப்படி தானாக வெட்டும் மெஷின். அதன் அச்சுகளை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டர், பல்ஸ் எனும் மின் துடிப்பு ஒன்றுக்கு ஒரு ஸ்டெப் சுழல்வது. அது குருட்டுத்தனமாக ஓடும். கன்ட்ரோலர் ஆயிரம் பல்ஸ் அனுப்பினால் ஆயிரமும் நடந்துவிட்டது என்றே நம்பும். வழியில் நாற்பது விழுங்கப்பட்டிருந்தாலும் திரையில் இலக்கம் சரியாகவே இருக்கும், பலகையில்தான் வட்டம் மூடாமல் நிற்கும். அதனால் மோட்டர் அமைப்பது என்பது பெரிய மோட்டராகப் பார்த்து வாங்குகிற வேலை அல்ல. எந்த நிலையிலும் ஒரு பல்ஸ்கூடத் தவறாதபடி வோல்டேஜ், கரன்ட், வேகம், ஆக்சிலரேஷன் ஒவ்வொன்றிலும் இடம் விட்டு வைப்பதுதான் வேலை. தவறினால், தவறின அளவைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். அந்தக் கணக்கு கடைசிப் பகுதியில் வருகிறது.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் மெஷின்: 600 × 400 மி.மீ. வெட்டும் பரப்புள்ள மர ரவுட்டர். மூன்று அச்சிலும் 16 மி.மீ. தடிப்பும் 5 மி.மீ. லீடும் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள போல்ஸ்க்ரூ (கடையில் 1605 என்று கேட்க வேண்டும்), நீமா 23 மோட்டர்கள், டிஎம்542 வகை ட்ரைவர்கள் (பல்ஸை வாங்கி மோட்டருக்குக் கரன்ட் கொடுப்பவை), கன்ட்ரோலராக ஆர்டுயினோ யூனோ பலகையில் ஜிஆர்பிஎல் 1.1 (வெட்டும் கட்டளைகளைப் பல்ஸாக மாற்றும் மென்பொருள்). வேறு பாகங்கள் வைத்திருப்பவர்கள் இலக்கங்களை மாற்றிக்கொண்டால் போதும்.

மோட்டர் தெரிவு

நீமா 23 என்பது முகத்தின் அளவு மட்டுமே, சுமார் 57 மி.மீ. சதுரம். வலு அதில் இல்லை, உடல் நீளத்திலும் சுற்றிலும் இருக்கிறது. 56 மி.மீ. நீளமுள்ள 2.8 ஆம்பியர் மோட்டர் ஏறக்குறைய 1.26 நியூட்டன் மீட்டர் ஹோல்டிங் டோர்க் தரும். 76 மி.மீ. உடல் என்றால் 1.9 அளவில் வரும். இந்த இலக்கம் அச்சு அசையாமல் நிற்கும்போது உள்ள பிடி. சுழலத் தொடங்கியதும் குறையும், வேகம் ஏற ஏறப் பாதிக்கும் கீழே போகும்.

காரணம் சுருளின் இன்டக்டன்ஸ். கரன்ட் சுருளுக்குள் ஏற நேரம் எடுக்கும். 2.5 மில்லிஹென்ரி சுருளில் 2.8 ஆம்பியர் ஏற, எதிர் மின்னழுத்தத்தையும் தடையையும் கணக்கில் எடுக்காவிட்டாலும், 12 வோல்ட்டில் 0.58 மில்லிசெக்கன் வேண்டும். 24 வோல்ட்டில் 0.29. 36 வோல்ட்டில் 0.19. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் என்பதால், 600 ஆர்பிஎம்மில் மோட்டர் ஒரு செக்கனுக்கு 2000 முழு ஸ்டெப் நடக்கிறது, அதாவது ஒரு ஸ்டெப்புக்கு அரை மில்லிசெக்கன்தான். 12 வோல்ட்டில் கரன்ட் நிரம்புவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடுகிறது. மோட்டர் பலவீனம் என்று சொல்லிப் பெரியது வாங்குகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது வோல்டேஜ்.

ஒரு மோட்டருக்கு உச்சமாக எவ்வளவு வோல்ட் கொடுக்கலாம் என்பதற்கு எல்லோரும் பாவிக்கும் கட்டைவிரல் விதி: இன்டக்டன்ஸை மில்லிஹென்ரியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 32 ஆல் பெருக்குங்கள். 2.5 மில்லிஹென்ரிக்கு 50 வோல்ட் வரும். 6 மில்லிஹென்ரிக்கு 78 வரும். பின்னதை 36 வோல்ட்டில் ஓட்டினால் நிற்கும்போது யானைப் பலம், ஓடும்போது ஒன்றுமில்லை. அதனால் டோர்க்கை மட்டும் போட்டு இன்டக்டன்ஸை எழுதாத மோட்டரை வாங்காதீர்கள். 2 முதல் 4 மில்லிஹென்ரி வரை நல்லது.

நீளமான மோட்டரை எடுக்க இன்னொரு காரணமும் சொல்வார்கள், கான்ட்ரி (கட்டரைத் தாங்கி நகரும் பாலம்) பாரம் என்று. 5 மி.மீ. லீடில் 12 கிலோ கான்ட்ரியின் சடத்துவம் மோட்டர் தண்டுக்கு வெறும் 76 கிராம் சதுர சென்ரிமீட்டராகத்தான் தெரியும். 700 மி.மீ. நீளமுள்ள ஸ்க்ரூ தன்னளவில் 350 வரை. 56 மி.மீ. மோட்டரின் ரோட்டர் ஏறக்குறைய 300. அதாவது மோட்டர் பெரும்பாலும் தன்னையும் ஸ்க்ரூவையும் சுழற்றத்தான் பாடுபடுகிறது. பெரிய மோட்டர் என்றால் பெரிய ரோட்டர், அதையும் சேர்த்துத்தான் வேகமேற்ற வேண்டும். இந்த அளவு மெஷினுக்கு 1.26 போதும், 1.9 தாராளம், 3 நியூட்டன் மீட்டர் வீண்.

ட்ரைவரும் பவர் சப்ளையும்

ஏ4988, டிஆர்வி8825 போன்ற சிறிய ட்ரைவர் பலகைகள் நீமா 17 எனும் சிறிய மோட்டருக்கு உரியவை. ஏ4988 ஹீட்சிங்க் இல்லாமல் ஒரு ஆம்பியர் அளவுதான் தாங்கும், டிஆர்வி8825 ஒன்றரை. நீமா 23ஐ இதில் மாட்டினால் ஓடும், ஆனால் வெட்டாது.

டிபி6600 என்று விற்கும் பெட்டிகள் மலிவு. 42 வோல்ட் உச்சம் என்று எழுதியிருப்பார்கள், 36க்கு மேல் போகாதீர்கள். டிஎம்542 20 முதல் 50 வோல்ட் வரை எடுக்கும், உச்சக் கரன்ட் 4.2 ஆம்பியர். விலை கூடினாலும் அதையே எடுக்கச் சொல்வோம். உள்ளே இருக்கும் டிஜிட்டல் கட்டுப்பாடு நடு வேகத்தில் வரும் அதிர்வை அடக்குகிறது. ஒரு செக்கனுக்கு 5 முதல் 15 சுற்று வரையான இடத்தில்தான் சாதாரண ட்ரைவரில் மோட்டர் முனகி நின்றுபோகும். 5 மி.மீ. லீடில் அது 1500 முதல் 4500 மி.மீ./நிமிடம், அதாவது நாம் மரம் வெட்டும் வேகமே.

பவர் சப்ளைக்கு மூன்று மோட்டரின் கரன்ட்டையும் கூட்டி மூன்றில் இரண்டு எடுங்கள். 8.4 ஆம்பியரில் 5.6 வரும். 36 வோல்ட் 350 வாட் எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் வகைப் பவர் சப்ளை) 9.7 ஆம்பியர் தரும், நான்காவது மோட்டர் வந்தாலும் தாங்கும். ட்ரைவரின் உச்ச வோல்டேஜுக்கு 15 சதவீதமாவது கீழே நில்லுங்கள். பாரமான அச்சு திடீரென நிற்கும்போது மோட்டரே ஜெனரேட்டராகி வோல்டேஜைத் திருப்பித் தள்ளும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் 115/230 என்று சிறிய சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும். பல சப்ளைகள் 115இல் வைத்தே வருகின்றன. இங்கே இலங்கையில் வருவது 230 வோல்ட். பார்க்காமல் பிளக் போட்டால் கபாசிட்டர் வெடிக்கும். பிளக்கை எடுத்த பிறகும் சில நிமிடம் உள்ளே மின் தங்கியிருக்கும், கை வைக்க வேண்டாம்.

சாமான் எங்கே என்று கேட்பவர்களுக்கு: எஸ்எம்பிஎஸ், ஆர்டுயினோ, வயர், கனெக்டர் வகைகள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். போல்ட், அலன் சாவி, அலுமினியத் துண்டு போன்றவற்றுக்குப் பழைய சோனகத் தெரு. பேரிங்குக்குப் பஞ்சிகாவத்தை. போல்ஸ்க்ரூவும் நல்ல ட்ரைவரும் பெரும்பாலும் இணையத்தில் தருவிக்க வேண்டியவை. தருவிக்கும்போது ஒரு ட்ரைவரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று எரிந்தால் அடுத்தது கப்பலில் வரும்வரை மெஷின் மேசையாகத்தான் பயன்படும்.

வயரிங்

முதலில் சுருள் சோடிகளைக் கண்டுபிடியுங்கள். நாலு வயர் மோட்டரில் நிறத்தை நம்ப வேண்டாம், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். இரண்டு வயரின் நுனிகளைத் தொட வைத்துத் தண்டைக் கையால் சுழற்றுங்கள். இறுகினால் அவை ஒரு சோடி, இலகுவாகச் சுழன்றால் வேறு இரண்டை எடுங்கள். மல்டிமீட்டரில் பார்த்தால் சோடிக்குள் ஒன்றிரண்டு ஓம் காட்டும், சோடி மாறினால் ஒன்றுமே காட்டாது. ஒரு சோடி ஏ+ ஏ−, மற்றது பி+ பி−. எட்டு வயர் மோட்டர் என்றால் சுருள்களைப் பரலலாக இணைத்தால் இன்டக்டன்ஸ் குறைந்து வேகத்துக்கு நல்லது. சீரிஸில் இணைத்தால் கரன்ட் குறைவாகப் போதும், வேகம் போய்விடும்.

மோட்டர் வயர் 0.75 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஷீல்ட் (வயர்களைச் சுற்றிய உலோகக் கவசம்) உள்ள நாலு கோர் கேபிள் எடுங்கள். ஷீல்டை ட்ரைவர் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்துடன் சேர்த்து, மோட்டர் பக்கம் வெட்டி விடுங்கள். இரண்டு பக்கமும் இணைத்தால் அதுவே மின் இரைச்சலைச் சுமந்து திரியும். மெஷினின் உலோகச் சட்டத்துக்கு எர்த் தனியாக ஒரு வயரில் போகவேண்டும், ஸ்க்ரூவையும் பேரிங்கையும் நம்பி விடக்கூடாது.

பவர் இருக்கும்போது மோட்டர் வயரைக் கழற்றவோ மாட்டவோ வேண்டாம். ட்ரைவர்கள் சாவதற்கு முதல் காரணம் இதுதான். சுருளில் ஓடிக்கொண்டிருந்த கரன்ட்டுக்குத் திடீரென வழியில்லாமல் போக, வோல்டேஜ் பாய்ந்து ட்ரைவரின் ட்ரான்சிஸ்டரைத் துளைத்துவிடும். தளர்ந்த கனெக்டரும் அதே வேலையைச் செய்யும், அதனால் அசையும் இடத்தில் கனெக்டர் வைக்காதீர்கள்.

ட்ரைவரின் சிக்னல் பக்கம் பல்ஸ், டிரெக்‌ஷன், எனேபிள் என மூன்று சோடி உண்டு. மூன்று மைனஸையும் ஆர்டுயினோவின் கிரவுண்டில் சேர்த்து, பிளஸ்களைப் பின்களுக்குக் கொடுப்பது எளிய வழி. யூனோவில் எக்ஸ், வை, இசட் பல்ஸ் 2, 3, 4. டிரெக்‌ஷன் 5, 6, 7. எனேபிளை இணைக்காமலே விடலாம், டிஎம்542 அப்போது எப்போதும் இயங்கும் நிலையில் இருக்கும். ஆரம்பிப்பவர்களுக்கு அதுவே நல்லது.

வை அச்சில் இரண்டு மோட்டர் என்றால் இரண்டு ட்ரைவர், ஒரே சிக்னல். எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும் மோட்டரில் ஒரு சோடியின் இரண்டு வயரை மட்டும் மாற்றிப் போட்டால் அது மறுபக்கம் சுழலும். ஆனால் ஒவ்வொரு ட்ரைவரும் சிக்னலில் 10 மில்லியாம்பியர் அளவு இழுக்கும். யூனோவின் ஒரு பின்னுக்கு 20 மில்லியாம்பியர் என்பதே நிதானமான எல்லை. ஒரு பஃபர் ஐசி இடையில் வைத்தால் நிம்மதி. இஎஸ்பி32 பலகை பாவிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதன் பின்கள் 3.3 வோல்ட்தான், 5 வோல்ட் எதிர்பார்க்கும் ட்ரைவரின் ஆப்டோ (சிக்னலை ஒளிவழி வாங்கும் பாகம்) ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது.

மழைகாலத்தில் இடிமின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைப்பது கொழும்பில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. மின்வெட்டு வேறு விதமான தொல்லை. லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும், யூனோ யூஎஸ்பியில் உயிரோடு இருக்கும், மோட்டர்கள் மட்டும் செத்துவிடும். கன்ட்ரோலர் பாட்டுக்கு பல்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும். மின் திரும்பி வந்ததும் மோட்டர்கள் நடுவழியிலிருந்து தொடர்ந்து, கட்டர் வேலையின் குறுக்கே போகும். அதனால் பவர் சப்ளையையும் ஸ்பிண்டிலையும் (கட்டரைச் சுழற்றும் மோட்டர்) ஒரு கான்டாக்டர் வழியே எடுங்கள், பச்சை பட்டனை அழுத்தினால் பிடித்து மின் போனால் விடுகிற மாதிரி. எமர்ஜென்சி ஸ்டாப்பும் அதே கான்டாக்டரின் சுருளை வெட்டட்டும்.

கரன்ட், மைக்ரோஸ்டெப் சுவிட்ச்கள்

டிஎம்542இன் முதல் மூன்று சுவிட்ச்கள் கரன்ட்டுக்கு. அட்டவணையில் பீக், ஆர்எம்எஸ் என இரண்டு நிரல் இருக்கும், இடையே 1.4 மடங்கு வித்தியாசம். 2.8 ஆம்பியர் மோட்டருக்கு 2.84 பீக் என்ற நிலையில் தொடங்குங்கள், அது 2.03 ஆர்எம்எஸ். ஒரு மணித்தியாலம் ஓட்டிவிட்டு மோட்டரைத் தொடுங்கள். கை வைத்துக்கொள்ள முடிந்தால், தேவைப்படும்போது 3.31க்குப் போகலாம். ஸ்டெப்பர்கள் சூடாவது இயல்பு, உடல் 80 பாகை வரை போனாலும் சுருள் தாங்கும். ஆனால் நம் அறை ஏற்கெனவே 30, 32 பாகையில் இருப்பதை மறக்கக் கூடாது. குளிர்நாட்டுக்காரர் காணொளியில் சொல்லும் கரன்ட்டை அப்படியே வைத்தால் மோட்டர் இங்கே பத்துப் பாகை கூடுதலாகச் சுடும். நான்காவது சுவிட்ச், நிற்கும்போது கரன்ட்டைப் பாதியாக்குவது. அதைப் பாதி நிலையிலேயே வையுங்கள்.

சிறிய ட்ரைவர் பாவிப்பவர்கள் சுவிட்சுக்குப் பதிலாகத் திருகியால் ரெஃபரன்ஸ் வோல்டேஜை வைக்க வேண்டும். டிஆர்வி8825இல் கரன்ட் அந்த வோல்டேஜின் இரு மடங்கு. ஏ4988இல் சென்ஸ் ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால் வேண்டிய ஆம்பியரை 0.8 ஆல் பெருக்கினால் வைக்கவேண்டிய வோல்ட். ரெசிஸ்டரின் மதிப்பு பலகைக்குப் பலகை மாறும், மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

மைக்ரோஸ்டெப் என்பது ஒரு முழு ஸ்டெப்பைச் சிறு பங்குகளாக வெட்டுவது. அதில் ஆசைப்படாதீர்கள். 32 என்று வைத்தால் 32 மடங்கு துல்லியம் வராது. ஒரு மைக்ரோஸ்டெப் நகர்வதற்குக் கிடைக்கும் டோர்க் மிகச் சிறியது: 8இல் ஹோல்டிங் டோர்க்கின் 19.5 சதவீதம், 16இல் 9.8, 32இல் 4.9. உராய்வு அதைவிடக் கூட இருந்தால் தண்டு அசையாமல் நின்று, இரண்டு மூன்று ஸ்டெப் சேர்ந்த பிறகு பாயும். போதாக்குறைக்கு, யூனோவில் ஜிஆர்பிஎல் செக்கனுக்கு 30,000 பல்ஸ் அளவுதான் அனுப்பும். 8 மைக்ரோஸ்டெப்பில் (ட்ரைவரில் 1600 பல்ஸ் என்று எழுதியிருக்கும்) அது நிமிடத்துக்கு 5600 மி.மீ. 32இல் வெறும் 1400. எட்டில் வைத்து வேலையைப் பாருங்கள்.

ஜிஆர்பிஎல் இலக்கங்கள்

மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப்: 200 ஐ மைக்ரோஸ்டெப்பால் பெருக்கி லீடால் வகுக்க வேண்டும். 200 × 8 ÷ 5 = 320. ஜிஆர்பிஎல்லில் ஒவ்வொரு அமைப்புக்கும் $ இட்ட ஓர் எண் உண்டு. எக்ஸ், வை, இசட்டுக்கான $100, $101, $102 மூன்றுக்கும் 320.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை லீடையும் பிட்ச்சையும் குழப்புவது. 8 மி.மீ. ட்ரபிசாய்டல் ஸ்க்ரூவில் புரிகளுக்கு இடையே 2 மி.மீ. இருக்கும். ஆனால் அதிகம் விற்பது நாலு தொடக்கப் புரி உள்ளது, ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. போகும். அதற்கு 200 × 8 ÷ 8 = 200. 2 ஆல் வகுத்தால் மெஷின் நாலு மடங்கு தூரம் போய் முட்டும். ஜிடி2 பெல்ட்டும் 20 பல் புல்லியும் என்றால் சுற்றுக்கு 40 மி.மீ.

ஸ்க்ரூ மெஷினில் இந்த இலக்கத்தை அளந்து திருத்தாதீர்கள். 100 மி.மீ. ஓட்டி கலிப்பரில் 99.8 வந்தது என்று 320.6 ஆக்குவது பரவலான பழக்கம். அந்த 0.2 பெரும்பாலும் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) அல்லது கலிப்பரைச் சரித்துப் பிடித்தது. பெல்ட் மெஷினில் மட்டும், பெல்ட் இழுபடுவதால், ஆகக் கூடிய தூரத்தை ஓட்டி அளந்து திருத்துவது சரி.

$3 திசை மாற்றுவதற்கு. எக்ஸ் 1, வை 2, இசட் 4. மாற்ற வேண்டியவற்றைக் கூட்டிப் போடுங்கள். எக்ஸும் இசட்டும் தலைகீழ் என்றால் $3=5. $1 ஐ 255 ஆக்குங்கள், இல்லாவிட்டால், எனேபிளை இணைத்திருந்தால், நின்றதும் மோட்டர் பிடியை விட்டுவிடும். $0 இயல்பாகவே 10 மைக்ரோசெக்கன், அப்படியே இருக்கட்டும்.

$110 முதல் $112 வரை உச்ச வேகம், மி.மீ./நிமிடத்தில். $120 முதல் $122 வரை ஆக்சிலரேஷன், மி.மீ./செக்கன்²இல். தொடக்கத்துக்கு வேகம் 1000, ஆக்சிலரேஷன் 50. $130 முதல் $132 வரை அச்சின் நீளம். ஹோமிங் (அச்சுகள் லிமிட் சுவிட்சைத் தொட்டுத் தொடக்க இடத்தை அறிவது) வேலை செய்த பிறகே $20 (மென்பொருள் எல்லை) ஐ 1 ஆக்க முடியும்.

அச்சின் எல்லையில் நிற்கும் லிமிட் சுவிட்ச்களை நோர்மலி க்ளோஸ்ட் (அழுத்தாதபோது மூடியிருக்கும்) முறையில் போட்டு $5=1 வையுங்கள். வயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். மற்ற முறையில் வயர் அறுந்தது அச்சு போய் முட்டும்போதுதான் தெரியும். ஒரே அச்சில் இரண்டு சுவிட்ச் என்றால் இரண்டையும் சீரிஸில் இணைக்க வேண்டும். சிஎன்சி ஷீல்ட் என்று யூனோவின்மேல் பொருத்தும் பலகையின் பழைய வெர்ஷனில் இசட் லிமிட் 11ஆம் பின் என்று அச்சிட்டிருக்கும். ஜிஆர்பிஎல் 1.1இல் 11 ஸ்பிண்டில் வேகத்துக்குப் போய்விட்டது, இசட் லிமிட் 12இல். மூன்றாவது சுவிட்ச் மட்டும் வேலை செய்யவில்லை என்று பலர் சுவிட்சையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

லிமிட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 100 நானோஃபராட் கபாசிட்டர் வைத்தால் ஸ்பிண்டில் போட்டதும் வரும் பொய்யான அலாரங்கள் அநேகமாகப் போய்விடும்.

வேகமும் ஆக்சிலரேஷனும் கண்டுபிடித்தல்

ஒரு நேரத்தில் ஒரு அச்சு, ஒரு நேரத்தில் ஒரு இலக்கம். கட்டர் இல்லாமல், ஸ்பிண்டில் மாட்டிய நிலையில் செய்ய வேண்டும்.

ஆக்சிலரேஷனை 50இலேயே வைத்துக்கொண்டு $110 ஐ 500 கூட்டிக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு முறையும் அச்சின் முக்கால் நீளத்தை ஜி0 (உச்ச வேகத்தில் நகர்த்தும் கட்டளை) இல் போய்த் திரும்பச் செய்யுங்கள். குறுகிய தூரம் போதாது, ஆக்சிலரேஷன் 50இல் 3000 மி.மீ./நிமிட வேகத்தை எட்டவே 25 மி.மீ. தேவை, 6000க்கு 100. ஓரிடத்தில் மோட்டர் கீச்சிட்டு நின்று நடுங்கும். பயப்பட வேண்டாம், மோட்டருக்கு ஒன்றும் ஆகாது. நின்ற வேகத்தில் 30 சதவீதம் குறைத்து எழுதுங்கள். நிற்காமல் 5500ஐத் தொட்டுவிட்டால் அது யூனோவின் எல்லை, 4500இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த வேகத்தை வைத்துக்கொண்டு ஆக்சிலரேஷனை 50, 100, 200, 300, 400 என்று ஏற்றுங்கள். இங்கே மோட்டர் நிற்பதற்கு முன்பே சட்டம் ஆடத் தொடங்கும். மேசையில் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தால் கண்ணால் காணலாம். மோட்டர் எல்லையைவிடச் சட்டத்தின் எல்லை கீழே இருந்தால் அதையே எடுங்கள். மர ரவுட்டருக்கு 200 முதல் 400 வரை நல்லது. வெள்ளவத்தையில் மாடிவீட்டில் ஓட்டுபவர் 150க்கு மேல் போனால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

இசட் அச்சு தனி. ஏறும்போது ஸ்பிண்டிலின் பாரத்தையும் தூக்க வேண்டும், அதனால் ஏறும் திசையில் சோதியுங்கள். மற்ற அச்சுகளின் பாதி வேகம் போதும். போல்ஸ்க்ரூ தானாகவே இறங்கக்கூடியது, பவர் போனால் ஸ்பிண்டில் மெல்லக் கீழே வரும். வேலை முடிந்து அணைக்குமுன் அடியில் ஒரு மரத்துண்டு வைத்துப் பழகுங்கள்.

இதெல்லாம் மோட்டர் சூடான பிறகு இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டியவை. காலையில் குளிர்ந்த மோட்டரில் ஓடிய வேகம் பின்னேரம் ஓடும் என்று இல்லை.

ஸ்பிண்டில் பற்றிச் சுருக்கமாக

விஎஃப்டி (அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வழியே ஓடும் ஸ்பிண்டில் போட்டதும் ஸ்டெப்பர் அமைப்பு குழம்புவதால் இதையும் சொல்லத்தான் வேண்டும். 24,000 ஆர்பிஎம் ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் ஓடுவது. விஎஃப்டியின் அடிப்படை அதிர்வெண் தொழிற்சாலை நிலையில் 50 ஹெர்ட்ஸாக இருக்கலாம். அதை 400 ஆக்காமல் ஸ்டார்ட் கொடுத்தால் குறைந்த வேகத்திலேயே முழு வோல்டேஜ் பாய்ந்து சுருள் எரியும், சில நிமிடம் போதும். காற்றால் குளிரும் ஸ்பிண்டிலைக் கீழ் வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள், விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது.

ஸ்பிண்டில் கேபிள் கட்டாயம் ஷீல்ட் உள்ளது. மோட்டர் வயர்களிலிருந்தும் லிமிட் வயர்களிலிருந்தும் ஒரு சாண் தள்ளி ஓடட்டும், குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். விஎஃப்டி போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அதன் ஃபில்டர் எர்த்துக்கு விடும் சிறு கசிவு ஒரு காரணமாக இருக்கலாம். ட்ரிப் சுவிட்சைச் சுற்றிவிட்டு வயர் இழுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். மின் வேலை தெரிந்தவரை அழைத்துத் தனி சர்க்கிட் போடுங்கள்.

பிழையின் அளவைப் படித்தல்

ஒரு டயல் கேஜைக் காந்தத் தாங்கியில் வைத்து, அச்சு அதைத் தொடும் இடத்தில் பூச்சியம் ஆக்குங்கள். பிறகு அச்சு கேஜிலிருந்து விலகி 200 முறை போய்வரும் ஒரு சிறு நிரலை, வெட்டும் வேகத்திலும் உச்ச வேகத்திலும் கலந்து ஓட்டுங்கள். முடிந்ததும் அதே பக்கத்திலிருந்து வந்து பூச்சியத்துக்குத் திரும்புங்கள். முள் அதே இடத்தில் நின்றால் அந்த அச்சு முடிந்தது. நிற்காவிட்டால் எவ்வளவு விலகியது என்பதுதான் சாட்சி.

0.1, 0.2, 0.5 என்று 0.1இன் மடங்காக விலகினால் மோட்டர் நின்று நழுவியிருக்கிறது. ஸ்டெப்பர் பிடியை இழந்தால் நாலு முழு ஸ்டெப் தாண்டித்தான் மறுபடி பிடிக்கும். அது 7.2 பாகை, 5 மி.மீ. லீடில் சரியாக 0.1 மி.மீ. மருந்து: ஆக்சிலரேஷனைக் குறைத்தல், கரன்ட்டை ஒரு படி ஏற்றுதல், ஸ்க்ரூ எங்காவது இறுகுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்தல். கடற்காற்று படும் வீடுகளில் ஸ்க்ரூவில் துரு படிந்து இறுகுவது சாதாரணம். பழைய கிரீஸைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றை இரண்டு கிழமைக்கு ஒருமுறை பூசுங்கள்.

விலகல் திரும்பல்களின் எண்ணிக்கையோடு சீராகக் கூடினால், 100 முறைக்கு 0.6, 200 முறைக்கு 1.25 என்ற மாதிரி, அது டிரெக்‌ஷன் சிக்னலின் நேரப் பிழை. டிஎம்542க்குத் திசை மாறி 5 மைக்ரோசெக்கன் கழித்தே பல்ஸ் வரவேண்டும். ஜிஆர்பிஎல் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாக அனுப்புகிறது. ஒரு பக்கம் திரும்பும்போது முதல் பல்ஸ் பழைய திசையில் எண்ணப்பட்டால் இரண்டு மைக்ரோஸ்டெப், அதாவது 0.00625 மி.மீ. விலகும். $2=7 என்று பல்ஸைத் தலைகீழாக்கிப் பாருங்கள், ட்ரைவர் பல்ஸின் மறு விளிம்பை எடுப்பதால் 10 மைக்ரோசெக்கன் அவகாசம் கிடைக்கும். அல்லது ஜிஆர்பிஎல்லின் கன்ஃபிக் கோப்பில் ஸ்டெப் பல்ஸ் டிலே என்ற வரியைத் திறந்து 10 கொடுத்து மறுபடி ஏற்றுங்கள். மோட்டரையும் ட்ரைவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராத வழுவல்களில் கணிசமானவை இந்த ஒரு வரியில் தீரும்.

கேஜ் சரியாகப் பூச்சியத்துக்கு வருகிறது, ஆனால் வெட்டிய வட்டத்தில் நான்கு இடத்தில் சிறு தட்டை தெரிகிறது என்றால் ஸ்டெப் தவறவில்லை, பேக்லாஷ். எதிர்ப்பக்கத்திலிருந்து பூச்சியத்துக்கு வந்து அளந்தால் அதன் அளவு தெரியும். ஜிஆர்பிஎல் பேக்லாஷை ஈடு செய்யாது, மாக் 3யும் லினக்ஸ் சிஎன்சியும் செய்யும். ஆனாலும் நட்டையும் ஸ்க்ரூ முனைப் பேரிங்கையும் இறுக்குவதே முறை, மென்பொருள் ஈடு கட்டர் இழுக்கும் திசையை அறியாது.

தூரத்துக்கு ஏற்றபடி பிழை கூடினால், 100க்கு அரை, 400க்கு இரண்டு என்றால், $100இன் கணக்கு பிழை.

ஒழுங்கே இல்லாமல் ஒரு நாள் 0.37, மறுநாள் 2.8 என்று வந்தால் முதலில் மோட்டர் தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கைப் பாருங்கள். மோட்டர் தண்டு, கப்ளிங், ஸ்க்ரூ மூன்றையும் தொடும்படி பெயின்ட் பேனையால் ஒரே கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு உடைந்தால் பிடி நழுவுகிறது. தண்டில் ஒரு தட்டை அரத்தால் தேய்த்து, திருகை அதன்மேல் இறுக்கி, லாக் பசை ஒரு துளி விடுங்கள். கோடு உடையவில்லையா? ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அணைத்தால் சரி, போட்டால் பிழை என்றால் மின் இரைச்சல் பல்ஸ் வயரில் ஏறுகிறது. ட்ரைவருக்கும் ஆர்டுயினோவுக்கும் இடையே உள்ள வயரை 30 செ.மீ.க்குள் சுருக்கி, ஒவ்வொரு சிக்னலையும் அதன் கிரவுண்டோடு முறுக்கி விடுங்கள். நடுவேலையில் யூஎஸ்பியும் துண்டிக்கப்படுகிறது என்றால் அதே இரைச்சல்தான். ஃபெரைட் வளையம் உள்ள குட்டைக் கேபிள் ஒன்று வாங்கிப் போடுங்கள், லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.